திறந்து கிடந்த பெயர்

அத்தியாயம் 6

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சுன்னாகம் ஸ்ரேசன் வீதியில் தையல் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். 'உதயகலா - தனியார் விசாரணை' என்ற பலகையை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு உள்ளே தலையை நீட்டினாள்.

"களவு போற சாமானைப் பிடிச்சுத் தருவீங்களோ?"

"போன சாமானோ, போற சாமானோ?" என்றான் லோஜன்.

"போற சாமான். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் போகும்."

"நேரம் சொல்லிப் போற களவை இப்பத்தான் கேள்விப்படுறன். பஸ்சே அப்பிடிப் போறேல்லை."

"லோஜன், கதிரையை இழுத்துப் போடு," என்றாள் உதயகலா.

உதயகலாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக, எரிந்த கடைகள் உண்மையாகவே எரிந்தனவா, கவிழ்ந்த லொறிகள் தாமாகவே கவிழ்ந்தனவா என்று பார்த்துத் திரிந்தவள். அந்த வேலையை விட்டபோது கையில் மிஞ்சியது சந்தேகப்படும் பழக்கம் மட்டும்தான். அதை வைத்து இந்த அறையைத் திறந்தாள். கணினிப் படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஓட்டோ வாங்கிய லோஜன் அவளுக்குச் சாரதி, எழுதுவினைஞர், உதவியாளர் எல்லாம். வாய்க்குத் தனிச் சம்பளம் தர வேண்டியதில்லை என்பது இலாபம்.

வந்தவள் பெயர் ஸ்ரெல்லா. குருநகர். ஐம்பதை ஒட்டிய வயது. வெளிறிய ஊதாச் சேலை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. கைபேசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்ரை மனுசன் றொகான்ரை வெப்சைற்றின்ரை பேர் இது. றொகான்மரைன் டொட் கொம். அவர் போட் எஞ்சின் திருத்திறவர். கடைக்கெண்டு எடுத்த பேர். வெள்ளிக்கிழமை இப்பிடி ஒரு ஈமெயில் வந்தது. விளம்பரமெண்டு விட்டிட்டன். நேற்றுத்தான் வடிவா வாசிச்சனான்."

லோஜன் கைபேசியை வாங்கி வாசித்தான். முகத்திலிருந்த சிரிப்பு குறைந்தது.

"ஆரோ பூட்டைத் திறந்திருக்கினம் அக்கா."

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

"காணி உறுதிப் பத்திரம் மாதிரி நினையுங்கோ. இந்தப் பேரின்ரை உறுதியை ஒரு பதிவாளர் கம்பனி வைச்சிருக்கு. பேருக்குப் பூட்டுப் போட்டிருந்தால் அதை வேறை கம்பனிக்கு மாத்தேலாது. பூட்டைத் திறந்தால் ஒரு இரகசியக் குறி கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மற்றக் கம்பனியிட்டைக் குடுத்தால் பேர் அங்கை போயிடும். போக முதல் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் வரும். அதுதான் இது. ஏற்க ஒரு பட்டன், மறுக்க ஒரு பட்டன். அஞ்சு நாளைக்குள்ளை ஒண்டும் அமத்தாட்டிச் சம்மதமெண்டு எடுப்பாங்கள்."

"அப்ப மறுத்துவிடுங்கோ," என்றாள் ஸ்ரெல்லா. "நான் அமத்தப் பயந்துதான் வந்தனான்."

"மறுக்கலாம்," என்றாள் உதயகலா. "ஆனால் பூட்டைத் திறந்தவரிட்டைத் திறப்பு இருக்கு. நாளையிண்டைக்குத் திரும்பவும் திறப்பார். அப்ப உங்கடை ஈமெயில் விலாசத்தை நீக்கிப்போட்டுத் திறப்பார். உங்களுக்குத் தெரியவே வராது. நாளைக்கு நாலு மணிவரை நேரம் இருக்கு. முதல்லை ஆளைப் பாப்பம். உங்கடை மனுசன் எங்கை?"

"அவர் செத்து மூண்டு வருசம். டெங்கு. அஞ்சு நாள்தான் படுத்தவர்."

"கடை?"

"பூட்டியாச்சு."

"மூண்டு வருசமா இந்தப் பேருக்கு வருசக் கட்டணம் ஆர் கட்டுறது?"

ஸ்ரெல்லா விழித்தாள். "கட்டோணுமோ?"

உதயகலா லோஜனைப் பார்த்தாள். அவன் குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினான்.

"கடையும் இல்லை, யாவாரமும் இல்லை," என்றாள் உதயகலா மெதுவாக. "பேர் போனால் உங்களுக்கு என்ன போகும்?"

"அது போகக்கூடாது."

"ஏன்?"

சுவர் மணிக்கூட்டில் பதினொரு மணியாகியிருந்தது. ஸ்ரெல்லா அதைப் பார்த்தாள், கைபேசியைத் திருப்பி வாங்கினாள், கதிரையைச் சற்றே மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ எழுதத் தொடங்கினாள். வேறு இடத்துக்குப் போய்விட்டவள் போல எழுதினாள். அனுப்பிவிட்டு, மடியில் கைபேசியை வைத்துக் காத்திருந்தாள். உதயகலாவும் காத்திருந்தாள். லோஜன் வாயைத் திறந்தபோது கையைக் காட்டி அடக்கினாள்.

ஒன்பது நிமிடம் கழித்துக் கைபேசி ஒலித்தது. ஸ்ரெல்லா அதைப் பார்த்துவிட்டு, மறைத்துப் பயனில்லை என்று நினைத்தவளாக மேசையில் வைத்தாள்.

*கடிதம் கிடைச்சது. இப்ப கடலுக்கை நிக்கிறன். கரைக்கு வந்தோடனை பதில் போடுறன். - றொகான்.*

"எஞ்சின் பூட்டிச் சோதிக்கக் கடலுக்குப் போவார். அந்த நேரம் எழுதிற ஆக்களுக்குத் தானாப் போறமாதிரிச் செய்து வைச்சது," என்றாள் ஸ்ரெல்லா. "அவர் போய் முப்பத்தோராம் நாள் ஏதோ நினைப்பிலை அவருக்கு ஒரு கடிதம் எழுதினன். உது வந்தது. பிறகு ஒவ்வொரு நாளும். பதினொரு மணிக்குத்தான் அவர் தேத்தண்ணி குடிக்க வீட்டை வாறவர். பைத்தியமெண்டு நினைக்காதேங்கோ. மிசின்தான் அனுப்புதெண்டு எனக்குத் தெரியும்."

"நான் நினைக்கேல்லை," என்றாள் உதயகலா.

"பேர் போனால் உதுவும் நிண்டுபோகும். அப்பிடித்தானே தம்பி?"

"ஓம் அக்கா," என்றான் லோஜன்.

"உங்கடை பெட்டியிலை இருக்கிற கடிதங்களின்ரையும் பதிலுகளின்ரையும் நேரத்தை மட்டும் லோஜன் எழுதட்டோ?" என்று கேட்டாள் உதயகலா. "நேரம் மட்டும். நீங்கள் எழுதினதை ஒருத்தரும் திறக்கமாட்டினம்."

ஸ்ரெல்லா கொஞ்ச நேரம் யோசித்துத் தலையசைத்தாள். லோஜன் வேலையை முடிக்க ஒரு மணியாகியது. அதற்கிடையில் அவளிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள் உதயகலா: இந்தப் பெயரை முன்னர் யாராவது கேட்டதுண்டா?

"என்ரை மனுசன்ரை அண்ணை. ரெண்டு தரம் கேட்டவர்."

குருநகர்க் கரையில், வலை காயப்போடும் கம்பிகளுக்குப் பக்கத்தில் றொகானின் அண்ணன் கிறிஸ்துநாயகத்தின் எஞ்சின் கொட்டகை இருந்தது. அறுபத்திரண்டு வயது. கை முழங்கை வரை கிறீஸ். ஓட்டோவிலிருந்து இறங்கியவர்களை, பழுதான எஞ்சினைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"றொகான்ரை பேரை நீங்கள் கேட்டனீங்களாம் அண்ணை," என்றாள் உதயகலா.

"கேட்டனான். அவன்ரை பேருக்கு ஊரிலை மதிப்பு இருந்தது. என்ரை கொட்டகை போர்டிலை போடக் கேட்டனான். ஸ்ரெல்லா தரமாட்டனெண்டிட்டா."

"இன்ரநெற்றிலை இருக்கிற பேரையோ?"

"எந்தப் பேரை?"

அவர் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்துக் காட்டினார். பட்டன் போன். கண்ணாடியில் கீறல். இலக்கம் ஐந்து தேய்ந்துபோயிருந்தது.

"இதிலை ஈமெயில் வராது அக்கா," என்று முணுமுணுத்தான் லோஜன். "அழைப்பு வந்தாலே பெரிய காரியம்."

"அந்த வெப்சைற்றைச் செய்து குடுத்தது ஆரெண்டு தெரியுமோ அண்ணை?"

கிறிஸ்துநாயகம் ஒரு துணியில் கையைத் துடைத்தார். "ஒரு தோட்டக்காரப் பொடியன். போட் எஞ்சினுக்கு வந்தவனில்லை, வோட்டர் பம்புக்கு வந்தவன். றொகான் பம்பைத் திருத்திப்போட்டுக் காசு வாங்கேல்லை. அதுக்குப் பதிலா அவன் கொம்பியூட்டர் வேலை செய்து குடுத்தான். வரேக்கை அரை மூட்டை வெங்காயமும் கொண்டருவான். செத்தவீட்டுக்கும் வந்தவன். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. மதிலோடை நிண்டிட்டுப் போட்டான்."

"எந்த ஊர்?"

"ஞாபகமில்லை பிள்ளை." பிறகு, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் அவவைக் காணேக்கை சொல்லுங்கோ, பேர் வேண்டாமெண்டு. ஞாயிற்றுக்கிழமையில எண்டாலும் வீட்டை வந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கிறா இல்லை."

திரும்பும் வழியில் லோஜன் சொன்னான்: "வெங்காயம் விளையிற ஊர் எண்டால் வலிகாமத்திலை பாதி ஊர் அக்கா. ஒவ்வொரு தோட்டமா நிண்டு 'கொம்பியூட்டர் தெரியுமோ' எண்டு கேப்பமோ?"

"நீ எழுதின நேரங்களை முதல்லை பாப்பம்."

நான்கு மணிக்குள் அறையின் மேசை முழுவதும் தாள்கள் பரவியிருந்தன. உதயகலா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள்.

"இஞ்சை பார். முதல் ஒண்டரை வருசம், அவ அனுப்பின அதே நிமிசத்திலை பதில். ஒரு நாளும் பிசகேல்லை. பிறகு போன வருசம் ஆனி மாசத்திலையிருந்து ஏழு நிமிசம், பன்ரெண்டு நிமிசம், இருபது நிமிசம்."

"நெற்வேர்க் மந்தமாயிருக்கும்."

"நெற்வேர்க்குக்குச் சனிக்கிழமை தெரியுமோ?"

லோஜன் குனிந்து பார்த்தான். ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் பதில் பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகே வந்திருந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"சனிக்கிழமை பதினொரு மணிக்கு மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில் வாசலிலை நிண்டால் எனக்கு மூண்டு ஹயர் கிடைக்கும். எல்லாரும் மத்தியானப் பூசைக்கு நிப்பினம்."

"மிசின் கோயிலுக்குப் போகாது லோஜன்."

கீழே தையல் மிசினின் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப ஒரு ஆள்," என்றான் லோஜன். "ஒவ்வொரு நாளும், கையாலை."

"ஓம். ஆள் எங்கையெண்டு பாப்பம். பின்னேரம் வரை பதில் வராத நாள் அஞ்சு இருக்கு. அஞ்சும் சனிக்கிழமையில்லை. அந்த நாளிலை என்ன நடந்தது? மழை இல்லை. பெருநாள் இல்லை. வேலை நாள், பகல் முழுக்க ஒண்டும் செய்யேலாமல் இருந்திருக்கு."

"கரண்ட் இல்லாமல் இருந்திருக்கும்," என்றான் லோஜன் விளையாட்டாக. சொல்லிவிட்டு நிமிர்ந்தான்.

கீழே தையல் கடைக்காரர் உடுப்பு அளவு வெட்டப் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். மின்தடை அறிவித்தல்கள் அவற்றில்தான் வரும். லோஜன் ஒரு மணித்தியாலம் தூசியில் கிடந்தான். மேலே வந்தபோது கையில் ஐந்து துண்டுகள். ஒன்றில் பிளவுஸ் கையின் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஒவ்வொரு அறிவித்தலிலும் ஊர்ப் பட்டியல் வேறு வேறு. ஐந்திலும் இருந்த ஊர் ஒன்றுதான்.

"புத்தூர்," என்று வாசித்தாள் உதயகலா.

"வெங்காயத்துக்கும் சரி வருது." லோஜன் சிரிக்கவில்லை. "அக்கா, ஒரு கதை. நாளைக்கு அவனைப் பிடிச்சு வெருட்டிப் பூட்டைத் திரும்பப் போடுவிப்பம். ஆள் ஒருத்தன் அனுப்புறானெண்டு அவவுக்குச் சொல்லத் தேவையில்லை. அவவுக்கு அந்த ஒரு வரி காணும். அதையும் ஏன் பறிக்கோணும்?"

"பறிக்கிறது நானில்லை. அவ மனுசனுக்கெண்டு எழுதினதை ஒருத்தன் வாங்கி வைச்சிருக்கிறான். அது அவவுக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சால் நாளைக்குப் பதினொரு மணிக்கு அவ என்ன செய்வா?"

உதயகலா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

புதன்கிழமை காலை ஓட்டோவில் புத்தூருக்குப் போகும் வழியில், ஸ்ரெல்லாவின் பக்கத்தில் இருந்து உதயகலா எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமைகள், மின்தடை, ஆனி மாதம். இரண்டு பக்கமும் செம்மண் தோட்டங்கள் ஓடின. எங்கோ ஒரு பம்ப் இரைந்தது.

"அப்ப அந்த ஆள் என்ரை கடிதங்களை வாசிக்கிறாரோ?" என்றாள் ஸ்ரெல்லா.

"எனக்குத் தெரியேல்லை."

"நான் எல்லாத்தையும் எழுதினனான்," என்றாள் ஸ்ரெல்லா. பிறகு சந்தி வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திக் கடையில் லோஜன் விசாரித்தான். "கொம்பியூட்டர் நிருஷனோ? வைரவர் கோயில் தாண்டி ரெண்டாம் ஒழுங்கை. நீலப் படலை. கெதியாப் போங்கோ, ஆள் வெளிநாடு போகுதாம்."

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஸ்ரெல்லாவை மதிலோரம் ஓட்டோவில் இருக்கவிட்டு, மற்ற இருவரும் படலையைத் திறந்தார்கள். நிருஷன் முற்றத்தில் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு நாள் தாடி. பின்னால் பெரிய வீடு. ஐந்தாறு பேர் இருந்த வீடு என்று பார்த்தாலே தெரியும். கொடியில் ஒரேயொரு சேர்ட் காய்ந்தது.

"ஒரு வெப்சைற் செய்யோணும்," என்றாள் உதயகலா.

"நான் இப்ப வேலை எடுக்கிறேல்லை. வாற கிழமை போறன்."

"எங்கை?"

"போலந்து. ஒரு கோழி பக்ரறியிலை வேலை."

"வீட்டிலை ஆக்கள்?"

"அம்மாவும் அப்பாவும் செத்துப்போட்டினம். தங்கச்சி கனடாவிலை. இஞ்சை நான் மட்டும்."

உள்ளே மேசையில் ஏதோ ஒலித்தது. நிருஷனின் தலை தானாகத் திரும்பியது. "ஒரு நிமிசம் இருங்கோ," என்று சொல்லி உள்ளே போனான். லோஜன் மணிக்கூட்டைப் பார்த்தான். சரியாகப் பதினொன்று.

ஒரு நிமிடம் போனது. மூன்று. ஏழு. உள்ளேயிருந்து தட்டச்சுச் சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு நிருஷன் வெளியே வந்தான். உதயகலாவைத் தாண்டி, லோஜனைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து நேரே போய்ப் படலையைத் திறந்தான்.

வெளியே ஸ்ரெல்லா நின்றாள். கைபேசியைத் தூக்கிக் காட்டினாள். அன்றைய கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது.

*நான் உம்மடை படலையிலை நிக்கிறன்.*

"மிசினெண்டால் பதில் வந்திருக்கும்," என்றாள் ஸ்ரெல்லா.

உள்ளே நான்கு பேருக்குக் கதிரை இருக்கவில்லை. நிருஷன் ஒரு சூட்கேஸின் மேல் இருந்தான். பாதி அடுக்கியிருந்தது. கேட்காமலே சொன்னான்.

"கடையின்ரை ஈமெயில் ஒரு சின்னக் கம்பனியின்ரை சேர்வரிலை இருந்தது. போன வருசம் ஆனியிலை அவங்கள் மூடிப்போட்டாங்கள். வாற கடிதங்களை என்ரை பெட்டிக்குத் திருப்பிவிட்டன். தானாப் பதில் போற ஒழுங்கு மட்டும் அறுந்துபோச்சு. பின்னேரம் திருத்துவமெண்டு இருந்தன். பதினொரு மணிக்கு உங்கடை கடிதம் வந்தது. பதில் போகாட்டி நீங்கள் பாத்துக்கொண்டு இருப்பியளெண்டு அண்டைக்கு மட்டும் கையாலை அனுப்பினன்."

"அடுத்த நாள்?" என்றாள் உதயகலா.

"அடுத்த நாளும்."

"திருத்த எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஒரு மணித்தியாலம்."

"ஏன் திருத்தேல்லை?"

நிருஷன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "அம்மா போன பிறகு இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வாறேல்லை. தங்கச்சி மாசத்துக்கு ஒருக்காப் போன் எடுப்பா. காலமை எழும்பினால் எதுக்கு எழும்பினனெண்டு தெரியாது. பதினொரு மணிக்கு ஒரு வேலை இருந்தது. அதாலை திருத்தேல்லை."

"வாசிச்சனீரோ?" என்றாள் ஸ்ரெல்லா.

"முதல் மாசம் திறக்கேல்லை."

"பிறகு?"

"வாசிச்சனான்."

ஸ்ரெல்லா எழுந்து யன்னலடிக்குப் போனாள். திரும்பியபோது முகத்தில் கோபம்தான் இருந்தது.

"அவருக்கும் எனக்கும் இடையிலை இருந்ததையெல்லாம் எழுதினனான். நீர் ஆர் அதை வாசிக்க? இப்ப பேரையும் கொண்டு போறீர். போலந்திலை என்ன, அதையும் விக்கப்போறீரோ?"

உதயகலாவின் கண் சூட்கேஸிலும், மேசையில் கிடந்த விமானச் சீட்டிலும், பிறகு அவனிலும் போய் நின்றது. களவெடுக்கிறவன் சொந்தக்காரியின் ஈமெயில் விலாசத்தை நீக்கிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பான். இவன் அதை அப்படியே விட்டிருக்கிறான்.

"ஸ்ரெல்லா, உங்கடை ஸ்பாம் பெட்டியைத் திறவுங்கோ," என்றாள்.

"என்ன?"

"விளம்பரங்கள் போய் விழுகிற பெட்டி. லோஜன், காட்டிக் குடு. வெள்ளிக்கிழமைக்குப் போ."

லோஜன் விரலால் தள்ளித் தள்ளிப் போனான். நின்றான். "புதுக் கம்பனியிலையிருந்து ஒரு கடிதம் கிடக்கு அக்கா. 'உங்கள் கணக்குத் திறக்கப்பட்டது, கடவுச்சொல்லைத் தெரிவு செய்யவும்.' கணக்கு…" அவன் நிமிர்ந்து ஸ்ரெல்லாவைப் பார்த்தான். "கணக்கு உங்கடை பேரிலை. பேரை உங்களுக்குத்தான் மாத்தியிருக்கிறார். களவெடுத்ததை வீட்டுக்காரியின்ரை அலுமாரியிலையே கொண்டுபோய் வைக்கிற கள்ளனை நான் காணேல்லை."

"வருசக் கட்டணம் நான்தான் கட்டினனான். என்ரை கணக்கிலை இருந்தால் நான் போன பிறகு ஒருநாள் தவணை தவறிப்போகும்," என்றான் நிருஷன். "ஆரும் எடுத்திடுவாங்கள். புதுக் கம்பனியிலை தானாப் பதில் போற வசதி இருக்கு. போட்டுவிட்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாமல் அப்பிடியே போகுமெண்டு நினைச்சன். நேரை வந்து சொல்லத் துணிவு வரேல்லை. சொன்னால் மற்றதையும் சொல்லோணும்."

ஸ்ரெல்லா நெடுநேரம் அந்தத் திரையைப் பார்த்தாள். "ஏன் ஒருநாளும் வேறை ஒரு சொல்லும் சேத்து எழுதேல்லை? நான் காய்ச்சலெண்டு எழுதின அண்டைக்குக் கூட?"

"அது றொகான் அண்ணையின்ரை பேர். அவர் எழுதி வைச்சதுக்கு மேலை எழுத எனக்கு உரிமை இல்லை."

"வாசிக்க மட்டும் இருந்ததோ?"

"இல்லை," என்றான் நிருஷன்.

லோஜன் தொண்டையைச் செருமினான். "நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு. ஏற்கிறதோ, மறுக்கிறதோ?"

ஸ்ரெல்லா யாரையும் கேட்காமலே ஏற்கும் பட்டனை அமத்தினாள். பிறகு நால்வரும் ஒரு திரையைச் சுற்றி நின்றார்கள். பெயர் வந்து சேர இருபது நிமிடம் எடுத்தது. நிருஷன் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தான். கோப்பைகளில் இரண்டு தூசி தட்டிக் கழுவியவை. றொகான்மரைன் டொட் கொம் புதுக் கணக்கில் தோன்றியது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு, வாய் திறந்தபடி. கடவுச்சொல்லை ஸ்ரெல்லா தானே போட்டாள். மூவரும் மறுபக்கம் திரும்பி நின்றார்கள். பூட்டை அமத்தினாள். அது மூடிக்கொண்டது.

"தானாப் பதில் போற ஒழுங்கைச் செய்யட்டோ?" என்றான் நிருஷன்.

"வேண்டாம்."

"பிறகு எழுதினால் ஒண்டும் வராது."

"வராட்டிப் பரவாயில்லை." அவள் அவனுடைய மடிக்கணினியைக் காட்டினாள். "என்ரை கடிதங்கள் அதிலைதானே? அழியும். நான் பாக்க நீர் எல்லாத்தையும் அழியும்."

அவன் பெட்டியைத் திறந்தான். திரை நிறைய ஒரே பெயர், ஒரே நேரம், வரிக்கு வரி. எல்லாவற்றையும் தெரிவு செய்தான். விரல் நின்றது.

"ஒண்டை வைச்சிருக்கட்டோ?"

"எது?"

"மாரியிலை கூரை ஒழுகினது. சட்டி பானையெல்லாத்தையும் வைச்சிட்டு, ஒவ்வொண்டிலையும் ஒவ்வொரு சத்தம் கேக்குதெண்டு எழுதினனீங்கள். எங்கடை வீடும் அண்டைக்கு ஒழுகினது. நானும் சட்டியளை வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தன்."

ஸ்ரெல்லாவின் முகம் ஒரு கணம் இளகியது. அவளை அப்படிச் செய்ததற்காக அவன்மேல் இன்னும் கோபப்பட்டவள் போலச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

"அதையும் அழியும்," என்றாள்.

அவன் அழித்தான். திரை வெறுமையானது. நிருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

படலைவரை வந்த ஸ்ரெல்லா நின்றாள். "நான் மன்னிக்கேல்லை. விளங்குதோ?"

"ஓம்."

"அந்த ஊரிலை உமக்குத் தெரிஞ்ச ஆக்கள்?"

"ஒருத்தரும் இல்லை."

அவள் கைப்பைக்குள் தேடிப் பேனையை எடுத்தாள். தாள் அகப்படவில்லை. அவனுடைய கையைப் பிடித்து, உள்ளங்கையில் தன் வீட்டு விலாசத்தை எழுதினாள்.

"போய்ச் சேர்ந்தோடனை ஒரு வரி போடும். உம்மடை சொந்தப் பேரிலை. சாப்பாடு என்னெண்டு, குளிர் என்னெண்டு எழுதும். நான் பதில் போடுவன்."

அவன் கையை மூடவில்லை, மை காயட்டும் என்று விரித்தபடியே நின்றான்.

குருநகரில் ஸ்ரெல்லாவை இறக்கியபோது, கிறிஸ்துநாயகம் சொல்லியனுப்பியதை உதயகலா சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமையோ," என்றாள் ஸ்ரெல்லா. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஓட்டோ சுன்னாகத்தை நோக்கி ஓடியது. மருதனார்மடம் சந்தியில் பின்னேரச் சனம் கூடத் தொடங்கியிருந்தது. ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் கும்பலாகப் போனார்கள். லோஜன் கண்ணாடியில் உதயகலாவைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, உங்களுக்கு ஆரும் எழுதிறவையோ?"

உதயகலா வெளியே பார்த்தாள். பழக்கடையில் ஒருத்தி வாழைக்குலையை இறக்கி, சீப்புச் சீப்பாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இல்லை," என்றாள். "நீ ஓட்டு."